மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

1

நியூசிலாந்துக்கு வந்து பதினாறு வருடம் முடிந்த அன்று காலை, ஹாமில்டனில் வேலைக்குப் போகிற வழியில், என் காரின் முன்பலகையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ. இருமல் மருந்து விளம்பரத்தில் காட்டும் நுரையீரல் படம் மாதிரி இருந்தது.

நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓரங்கட்டினேன். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டேன். இன்ஜினை அணைத்தேன். மதிய டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வண்டி வெடித்தால் எதுவரை சிதறும் என்று மனசுக்குள் ஒரு வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த ஒரு தபால் பெட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து மனைவி பத்மாவுக்குப் போன்.

“புகை வருதா?” என்றாள்.

“இல்ல.”

“வாசனை ஏதாவது?”

“உன் எலுமிச்சம்பழ சாதம்தான் வாசனை வருது.”

“அப்ப ஏறி வேலைக்குப் போங்க.”

இத்தனைக்கும் நான் ஒரு பால் பவுடர் ஆலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர். மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் கொதிகலன் சீறினாலும் அதன் பக்கத்திலேயே நின்று டீ குடிக்கிறவன். ஆனால் அது கம்பெனியின் கொதிகலன். இது என் கார்.

சாயங்காலம் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய் என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீட்டிலிருந்து ஆலைக்கு நாலு கிலோமீட்டர், திரும்ப நாலு என்றேன். சனிக்கிழமை? சூப்பர் மார்க்கெட், ரெண்டு. இரண்டு பேருக்கு ரசம் வைக்கக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றினவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பிறகு விளக்கினார். இப்போதைய டீசல் கார்களில் புகை போகிற வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியெல்லாம் அதில் சேரும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் வடிகட்டி சூடேறி, சேர்ந்த கரி எரிந்து போய்விடும். ஊருக்குள்ளேயே நாலு கிலோமீட்டர், ரெண்டு கிலோமீட்டர் என்று உருட்டிக்கொண்டிருந்தால் சூடே ஏறாது, அடைத்துக்கொள்ளும். அதுதான் விளக்கு. மருந்து என்ன என்றேன். “எங்கேயாவது போ” என்றார்.

2

ஊரில் என் நண்பர்கள் இதைப் படித்தால் முதலில் கேட்கப்போவது, நாலு கிலோமீட்டர் போகிறவன் எதற்கு அவ்வளவு பெரிய டீசல் வண்டி வாங்கினான் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆசைதான் காரணம். தீவின் வடகோடியிலிருந்து தென்கோடி வரை போவோம், பின்னால் கூடாரம் கட்டி எடுத்துக்கொள்வோம், பனிமலை அடிவாரத்தில் பத்மா உப்புமா கிளறுவாள் என்றெல்லாம் நினைத்து நாலு வருடத்துக்கு முன் வாங்கினேன். கூடாரம் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கிறது. உப்புமா வீட்டில்தான் நடக்கிறது.

இந்த நாட்டில் டீசல் கார் வைத்திருப்பவனுக்கு இன்னொரு விசித்திரமான ஏற்பாடும் உண்டு. ஓடப்போகும் தூரத்தை முன்கூட்டியே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோல் போடுகிறவனுக்குச் சாலை வரி விலையோடேயே சேர்ந்துவிடுகிறது. டீசல்காரன் கவுன்டருக்குப் போய், ஆயிரம் ஆயிரம் கிலோமீட்டராகத் தூரம் வாங்கி, அதற்கான சீட்டைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கார் வாங்கின வாரம் கவுன்டரில் இருந்த அம்மாள், “எவ்வளவு தூரம் வேண்டும்?” என்று சிரித்த முகமாகக் கேட்டார். ஜவுளிக்கடையில் எத்தனை மீட்டர் என்று கேட்பதுபோல. கெத்தாக, பத்தாயிரம் என்றேன். நாலு வருடம் ஆகியும் அந்தப் பத்தாயிரம் தீரவில்லை. கண்ணாடியில் சீட்டு வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

எனக்கும் எரிபொருளுக்கும் இங்கே ஆரம்பத்திலிருந்தே ஜாதகம் சரியில்லை. வந்த முதல் வாரம், நண்பர் ஒருவரின் பழைய காரை இரவல் வாங்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனேன். பம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை இரண்டு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. திருச்சியில் என்றால் வண்டி நிற்பதற்குள் ஒருவர் வந்து டேங்க் மூடியைத் திறந்து, “ஜீரோ பாத்துக்கங்க சார்” என்பார். இங்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. எனக்குப் பின்னால் மூன்று கார்கள். ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது. ஒருவர் அடித்திருந்தாலும் இறங்கியிருப்பேன். கடைசியில் பின் காரிலிருந்து ஒரு வயதானவர் இறங்கி வந்து, குனிந்து, “உடம்பு ஏதாவது சரியில்லையா?” என்று கேட்டார். இங்கே அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அவர்தான் எனக்குப் பெட்ரோல் போட்டுவிட்டார். நானும் பழக்கதோஷத்தில் ஜீரோ பார்த்தேன்.

3

விளக்கு எரிந்த அதே நாள் மதியம், ஶ்ரீரங்கத்திலிருந்து வசந்தி அக்கா கூப்பிட்டாள். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அவளுக்கு முதல் காபி நேரம்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பொன்மலையில் ரயில்வே கணக்குப் பிரிவில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். ஓய்வு பெற்ற அடுத்த திங்கட்கிழமையே திருவானைக்கோவிலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் தடவை எட்டுப் போடும்போது கோடு தாண்டிவிட்டாள். இரண்டாவது தடவை தாண்டவில்லை. அறுபது வயதில் கையில் லைசென்ஸ்.

“டேய் சேகர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வளவளன்னு இழுக்காம சொல்லு. கார் வாங்கப் போறேன். டீசலா, பெட்ரோலா?”

ஊரில் எனக்குக் கார் நிபுணர் என்று ஒரு பெயர் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தப் பெயருக்கு ஆதாரம். பாதிச் சாதம் ஆறும்வரை பேசினேன். டீசலில் மைலேஜ் அதிகம், ஆனால் வண்டி விலை அதிகம், நிறைய ஓடினால்தான் கட்டுப்படியாகும் என்றேன். காலையில் எரிந்த விளக்கைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

“முதல்ல இதைச் சொல்லுக்கா. மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?”

“அதை உங்க மாமாவைத்தான் கேக்கணும்.”

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. “எதுக்கு இப்ப காரு? இங்க என்ன கெடைக்கல?”

மாமாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தவர். ஒரு போல்ட் துருப்பிடித்தால் அவருக்குக் காய்ச்சல் வரும். எந்தப் பொருளையும் கெட விடமாட்டார். வீட்டு மிக்ஸிக்குப் போர்வை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, குடைக்குத் தனி ஆணி. நல்ல மனிதர். ஆனால் வேலைக்குப் போய்வந்ததைத் தவிர எங்கும் நகரமாட்டார். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் அவர். ஶ்ரீரங்கத்தை விட்டு எங்கே போகக் கூப்பிட்டாலும், “எதுக்கு, ஆத்தைத் தாண்டணுமா?” என்பார். ஏதோ கடலைத் தாண்டச் சொன்னதுபோல.

ரயில்வேக்காரிக்கு வருடா வருடம் இலவசப் பாஸ் உண்டு. குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அக்கா வருடா வருடம் ஒரு ஊரைத் தேர்ந்தெடுப்பாள். மாமா வருடா வருடம் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுப்பார். மழை, பரீட்சை, மோட்டார் ரிப்பேர், பக்கத்து வீட்டில் கிரகப்பிரவேசம். பையன் படித்து முடித்து பெங்களூர் போய்விட்டான். பாஸ்கள் மேஜையிலேயே காலாவதியாயின. ஒரே ஒரு தடவை அலுவலகத் தோழிகளோடு அக்கா தனியாக மைசூர் போய்வந்தாள். மாமா தடுக்கவில்லை. நான்கு நாளும் மூன்று வேளையும் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, அதைக் குறையாகவும் சொல்லாமல், ஒரு முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்துக்காகவே அக்கா அதற்கப்புறம் போகவில்லை.

“பாஸ்தான் இன்னும் இருக்கேக்கா, எதுக்குக் காரு?” என்றேன்.

“ரயிலுன்னா ஒரு மாசம் முன்னாடி டிக்கெட் போடணும்டா. ஒரு மாசத்துல இந்த மனுஷன் முப்பது காரணம் சொல்லிடுவாரு. காரு வாசல்ல நின்னா, ஏறுங்கன்னு சொல்லலாம்ல?” குரலைத் தாழ்த்தினாள். “எனக்குக் காரு பெரிசில்லடா. பக்கத்து சீட்ல அவர் உக்காரணும். அவ்வளவுதான்.”

4

நான் ஒரு கணக்குத்தாள் தயாரித்தேன். பதற்றம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், நான் கட்டம் போடுவேன். கோயில்: நடை தூரம், பூஜ்யம். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடைகள்: மாதம் நாலு தடவை. தில்லைநகரில் பல் டாக்டர்: மாதம் ஒன்று, அதுவும் பல் இருக்கிறவரை. கே.கே. நகரில் சித்தி வீடு: சித்தியோடு பேச்சுவார்த்தை இருந்தால் ஒன்று. எப்படிக் கூட்டினாலும் மாதம் இருநூறு கிலோமீட்டரைத் தாண்டவில்லை. பெட்ரோல் என்ற கட்டத்தைப் பச்சை நிறத்திலும், டீசல் என்ற கட்டத்தைச் சிவப்பிலும் நிரப்பி அனுப்பினேன்.

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டுமே வேண்டாம்னு ஒரு கட்டம் இல்லையாப்பா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் தலைமுறைக்குப் பெட்ரோலும் டீசலும் சிகரெட்டும் பீடியும் மாதிரி. பூமியை யார் சீக்கிரம் கொல்வது என்று அத்தையும் அப்பாவும் பட்டியல் போடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போதெல்லாம் எங்கள் உரையாடல் இவ்வளவுதான். ஒரு வாக்கியம், பிறகு முதுகு.

அக்காவிடமிருந்து பதில் வந்தது. “கலர் நல்லா இருக்கு. நீ பொங்கலுக்கு வர்றேல்ல, நேர்ல பேசிக்கலாம்.”

5

பொங்கலுக்குத் தனியாகத்தான் போனேன். விமான நிலையத்திலிருந்து ஆட்டோ. பின்னால் யார் ஹார்ன் அடித்தாலும் நான் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். பால்பண்ணை வருவதற்குள் கை வலித்துவிட்டது. “யாரு சார், சொந்தக்காரங்களா?” என்று ஆட்டோக்காரர் கேட்டார்.

மறுநாள் ஷோரூம். மூன்று பேரும் போனோம். கழுத்தில் டை கட்டிய இளைஞர் எங்களை உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, என் கேள்வியையே கேட்டார். “மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்ங்க சார்?”

“நூறு,” என்றார் மாமா. “அதுவே ஜாஸ்தி.”

“மேடம்?”

அக்கா குளிர்பானத்தை ஒரு வாய் குடித்தாள்.

நான் லேப்டாப்பைத் திறந்தேன். இளைஞர் மரியாதையாகப் பார்த்தார். “சார் சொல்றது கரெக்ட்டுங்க மேடம், பெட்ரோலே போதும்,” என்றார். நானும் மாமாவும் ஒரே கட்சி. முப்பத்தைந்து வருடத்தில் முதல்முறையாக மாமா என் முதுகில் தட்டினார்.

“எதுக்கும் சகாயத்தை ஒரு வார்த்தை கேட்டுடலாமே,” என்றாள் அக்கா.

சகாயம் என் பாலிடெக்னிக் தோழன். பால்பண்ணைப் பக்கம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். மாமா வேறு யாரையும் நம்பமாட்டார், ஆனால் ஸ்பேனர்களை அளவு வாரியாக மாட்டி வைத்திருப்பதால் சகாயத்தை நம்புவார். நாங்கள் போனபோது ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்தான்.

“அக்கா, வாங்க. மாமா, வாங்க. டேய், நீ எப்ப வந்தே? என்னடா நிறம் மாறவே இல்ல, அங்க வெயில் அடிக்குமா?”

விஷயத்தைச் சொன்னேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

“ஊருக்குள்ளதான் ஓடும்னா டீசல் வேணாங்க்கா. இப்ப வர்ற டீசல்ல ஒரு ஃபில்டர் இருக்கு. கரி சேரும். வாரத்துக்கு ஒரு தடவை ஹைவேல ஏத்தி, அரைமணி முக்காமணி விரட்டணும். அப்பத்தான் எரியும். வீட்டு வாசல்லயே கட்டிப் போட்டா அடைச்சுக்கும்.”

அக்கா முன்னால் வந்தாள். “அப்ப டீசல் வாங்கினா வாரத்துக்கு ஒரு தடவை வெளியூர் போயே ஆகணும்?”

“ஆமாங்க்கா.”

“போகலைன்னா வண்டி கெட்டுப்போயிடும்?”

“செலவு வெச்சுரும்.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “சேகர், அங்கயும் அப்படித்தானா?”

“எங்க ஊர்லயும் அப்படித்தான்,” என்றேன், நிபுணர் குரலில். “உலகம் பூரா அப்படித்தான்.”

அவள் மாமாவைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாக மனிதர் கெடாமல் பாதுகாக்கும் மிக்ஸியையும் குடையையும் ரிமோட்டையும் சேர்த்துப் பார்க்கிற பார்வை அது.

“எனக்கு டீசல்தான் வேணும்,” என்றாள்.

6

மாமாவுக்குப் புரிய ஐந்து நொடி ஆயிற்று. எனக்குப் பத்து.

“வசந்தி, அடைச்சுக்கும்னு சொல்றாங்கல்ல?”

“ஓட்டினா அடைக்காதுன்னும் சொல்றாங்கல்ல?”

“யாரு வாரா வாரம் ஓட்டறது?”

“நான்தான். ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பினா வெயிலுக்கு முன்னாடி வந்துடலாம்.”

“ஹைவேலயா? தனியாவா?”

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். சகாயம் மறுபடியும் வேனுக்கு அடியில் போய்விட்டான், புத்திசாலி. மாமா ஷெட்டின் கூரையைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்தார்.

“எதிர்ல லாரி வந்தா சொல்றதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் வேணாமா?” என்று ஸ்பேனர்களிடம் கேட்டார்.

வெளியே வந்ததும் நான் அக்காவைத் தனியே இழுத்துக்கொண்டு போனேன். இவள் வியாதியை விலை கொடுத்து வாங்குகிறாள், நாலு வாரம் போவாள், அப்புறம் மாமா பழைய மாமா ஆகிவிடுவார், விளக்கு எரியும், பழி நிபுணர் தலையில் விழும்.

“அக்கா, கேளு. நான் ஒரு உண்மையைச் சொல்லிடறேன். என் வண்டியிலயே அந்த விளக்கு எரிஞ்சிருச்சு.”

“தெரியும்.”

“எப்படி?”

“பத்மா அன்னைக்கே சொல்லிட்டா. தபால் பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னியாமே.”

“அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் சகாயம் முன்னாடி என்னைக் கேட்டியா? நான் அவ்வளவு கட்டம் போட்டு அனுப்பினேனே!”

“எனக்குத் தெரிஞ்சு என்னடா பண்றது? அவருக்கில்ல தெரியணும்? நான் சொன்னா காதுல ஏறாது. மெக்கானிக் சொல்லணும், ஃபாரின் சொல்லணும்.” என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். “நீ நல்லாத்தான் சொன்னே. உலகம் பூரான்னு சொன்னே பாரு, அதுலதான் மனுஷன் விழுந்தாரு.”

“எனக்கே அடைச்சுக்கிச்சுக்கா. உனக்கும் அடைக்கும்.”

“உன் வண்டியில ஒரு கோளாறும் இல்லடா,” என்றாள். “நீ எங்கயும் போகல. அவ்வளவுதான்.”

பட்டறைக்காரர் சொன்னபோது அது வைத்தியம் மாதிரி இருந்தது. அக்கா சொன்னபோது வேறு மாதிரி இருந்தது. அக்கா என் முகத்தை ஒரு நிமிடம் ரசித்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் வண்டி வந்தது. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மணப்பாறைக்குப் போனோம். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் மாமா, மடியில் ஒரு துண்டு, எதற்கென்று தெரியவில்லை. பின் சீட்டில் நான், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. திண்டுக்கல் ரோட்டில் ஒரு பஸ் எங்களை முந்தியபோது நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸே ஒதுங்கியது. அக்கா அசையவில்லை. மாமா வெளியே ஒரு மரத்தைக்கூடப் பார்க்கவில்லை. முன்பலகை முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். மணப்பாறையில் முறுக்கு வாங்கினோம். “இதே முறுக்கு ஶ்ரீரங்கத்துலயும் கெடைக்குது,” என்று சொல்லி ஆறு சாப்பிட்டார். வீடு வந்து இறங்கியதும் கேட்டது ஒரே கேள்வி.

“கரி எரிஞ்சிருக்கும்ல? இனி அடுத்த ஞாயித்துக்கிழமைதானே?”

7

ஹாமில்டன் திரும்பியபோது யாழினிக்குப் பழகுநர் உரிமம் வந்திருந்தது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்தால்தான் அவள் ஓட்டலாம். பத்மாவிடம் கேட்டாள், பத்மா என்னைக் கை காட்டினாள். சனிக்கிழமைதோறும் கடலோரம் இருக்கிற ராக்லன் என்ற சின்ன ஊருக்குப் போய்வருகிறோம். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. முதல் நாள் எங்கே போகிறோம் என்று கேட்டாள். கரியை எரிக்கப் போகிறோம் என்றேன். பூமி விஷயமாக ஏதோ சொல்ல வந்தவள், ஸ்டீயரிங் கையில் இருந்ததால் விட்டுக்கொடுத்தாள்.

ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது, அதனால் இயர்போனும் கிடையாது. இது அரசாங்கம் எனக்குச் செய்த உபகாரம். மலைவளைவுகளில் அவளாகவே பேசுகிறாள். ஒரு சிநேகிதியோடு சண்டை, இயற்பியல் வாத்தியாரின் மூக்கு, கல்லூரிக்கு வெலிங்டன் போகலாமா என்ற யோசனை. பாதி ஆங்கிலம், பாதி தமிழ். கெஞ்சலும் அதட்டலும் மட்டும் முழுத் தமிழில் வருகின்றன. “அப்பா, ப்ளீஸ், காலை எடுங்க. அங்க பிரேக் இல்ல.” பத்து சனிக்கிழமை மிதித்ததில் என் பக்கத்து மிதியடியில் ஒரு குழி விழுந்திருக்கிறது. கண்ணாடியில் இருந்த பழைய சீட்டின் தூரம் தீர்ந்து, கவுன்டரில் போய்ப் புதிதாக வாங்கிவந்தேன்.

அக்காவிடமிருந்தும் ஞாயிறுதோறும் ஒரு படம் வந்துவிடும். சாலையோர டீக்கடை பெஞ்ச், அதன்மேல் டீ கிளாஸ்கள். ஊர் பெயர் மட்டும் எழுதியிருப்பாள். நான் ஊரைப் பார்ப்பதில்லை, கிளாஸ்களைத்தான் எண்ணுவேன். இரண்டு இருந்தால் மாமாவும் போயிருக்கிறார். விராலிமலை, இரண்டு. பெரம்பலூர், இரண்டு. மருங்காபுரி, இரண்டு, ஒன்றில் டீ பாதி மிச்சம். மாமாவுக்குச் சர்க்கரை போதவில்லை போலிருக்கிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துவரங்குறிச்சி என்று வந்தது. ஒரே கிளாஸ்.

கூப்பிட்டுக் கேட்டேன். “கால் வலிக்குதாம்டா,” என்றாள் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்த வாரமும் துவரங்குறிச்சி, ஒரே கிளாஸ். இந்தத் தடவை பெங்களூரிலிருந்து பையன் கூப்பிடுவதாகச் சொன்னானாம், வீட்டில் ஒரு ஆள் வேண்டுமாம். காரணங்கள் திரும்பி வந்துவிட்டன. அக்கா இருக்கிற பிடிவாதத்தில் அவள் தனியாகவே போவாள், வண்டியும் கெடாது, விளக்கும் எரியாது. ஆனால் அவள் டீசல் வாங்கினது வண்டிக்காக இல்லையே. நான் அந்த வாரம் முழுக்க ஆலையில் எரிந்து விழுந்தேன். “உங்க அக்காவை விட நீங்கதான் கவலைப்படறீங்க,” என்றாள் பத்மா.

8

மூன்றாவது ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் அடித்தது. மாமாவின் நம்பர். பதினாறு வருடத்தில் அவர் ஒரு தடவைகூடத் தானாக என்னைக் கூப்பிட்டதில்லை. நெடுஞ்சாலை, லாரி, ஆஸ்பத்திரி எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

“மாமா! அக்காவுக்கு என்னாச்சு?”

“என்னாச்சு? உள்ள இட்லி சாப்பிடறா. நான் வாசல்ல வண்டியைத் துடைச்சிட்டிருக்கேன். ஏன் இப்படிக் கத்தற?”

“ஒண்ணுமில்ல மாமா, சொல்லுங்க.”

“மாப்ள, ஒரு டெக்னிக்கல் சந்தேகம்.” குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வாரமா நான் போகல பாரு, இவ துவரங்குறிச்சி வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறா. அந்த தூரத்துல கரி பூரா எரிஞ்சிருமா?”

“தாராளமா எரியும் மாமா. அரைமணி ஓடினாலே போதும்.”

“அவசரப்படாம யோசிச்சு சொல்லு. எனக்கென்னவோ அடியில கொஞ்சம் தங்குதுன்னு தோணுது. சம ரோட்டுல எரியாது. ஏத்தம் வேணும். மலை ரோடு.” இருமிக்கொண்டார். “கொடைக்கானல் வரைக்கும் போனா சுத்தமாயிரும்ல?”

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டேன். “விளக்கு ஏதாவது எரியுதா மாமா?”

“எரியல. எரியிற வரைக்கும் கை கட்டிட்டு இருக்கச் சொல்றியா? முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பாத்தவன்யா நான்.”

“கால் வலி?”

“அது உக்காந்தே இருந்தா வரும். போன வாரம் பூரா உக்காந்துதானே இருந்தேன்? போரடிச்சுப் போச்சுய்யா.” சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவர் போல ஒரு கணம் நிறுத்தினார். துடைக்கிற துணியை உதறும் சத்தம் கேட்டது. “அங்க ராத்தங்காம வர முடியாதுங்கறாங்க. ரெண்டு நாளாவது ஆகும்ல?”

“ஆகும் மாமா.”

உள்ளேயிருந்து அக்காவின் குரல். “யாருங்க போன்ல?”

“ஒண்ணுமில்ல, வண்டி விஷயம்!” என்று கத்தினார். பிறகு என்னிடம், அவசரமாக, கிசுகிசுப்பாக: “மாப்ள, அவ வர்றா. ஸ்பீக்கர்ல போடறேன். நீயா சொல்ற மாதிரி சொல்லிடு. இத்தனை வருஷம் கழிச்சு நான் சொன்னா நல்லா இருக்காது.”

ஏதோ அழுத்துகிற சத்தம். கொலுசு சத்தம். “என்னடா சேகர், என்ன விஷயம்?” என்றாள் அக்கா.

தொண்டையைச் செருமிக்கொண்டு, பதினாறு வருட வெளிநாட்டு அனுபவம் முழுவதையும் குரலில் ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தேன்.

“அக்கா, பயப்படாதே. ஆனா கேஸ் கொஞ்சம் சீரியஸ்.”